தர்மபுரியிலிருந்து ராலி டிரைவராவது எப்படி: இடது சீட்டில் தொடங்கும் முழு வழிகாட்டி

ராலி ஓட்ட வேண்டும் என்று கேட்டு வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தக் கார் வாங்கலாம்?" என்றுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு வண்டிப் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. மாந்தோப்பில் டிராக்டர், பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிய டாடா ஏஸ், மழை பெய்தால் வழுக்கும் செம்மண் பாதை. அதனால் கார் கிடைத்தால் போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. கார் வாங்குவது ஆறாவதாக வர வேண்டிய விஷயம். முதலில் உட்கார வேண்டியது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. செலவு குறைந்த வழியும் அதுதான், நல்ல டிரைவரை உருவாக்கும் வழியும் அதுதான். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ராலி என்றால் என்ன

சர்க்யூட் பந்தயத்தில் எல்லாக் கார்களும் ஒன்றாகக் கிளம்பி ஒரே வட்டத்தைச் சுற்றும். ராலியில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று அல்லது இரண்டு நிமிட இடைவெளியில் கிளம்பும். போக்குவரத்தை முழுவதும் நிறுத்தி மூடிய பாதைக்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். வேகம் அங்கே மட்டும்தான். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும் சாலையில் பஸ், லாரி, ஆட்டுமந்தை எல்லாம் இருக்கும். அங்கே சிக்னலும் வேக வரம்பும் மற்றவர்களைப் போல உங்களுக்கும் உண்டு. எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டி, அபராதத்தையும் சேர்த்தால் யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி.

காரில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் படிப்பார். படிப்பவரை நேவிகேட்டர் என்றும் கோ-டிரைவர் என்றும் சொல்வோம். ராலியை முதன்முதலில் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இவரைத்தான்.

நம் ஊர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிப்பது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அதன் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் சுற்றுகளாக நடந்துவந்த ராலிகளில் மூன்று நமக்குப் பக்கம்: மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் தென்னிந்திய ராலி, பெங்களூருவில் கர்நாடகா மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் கே-1000, பிறகு கோயம்புத்தூர் ராலி. கிருஷ்ணகிரியில் நின்றால் ஒரு பக்கம் பெங்களூரு ரோடு, ஒரு பக்கம் சென்னை ரோடு, சேலம் வழியாகப் போனால் கோவை. மூன்று ஊருக்கும் காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேரலாம். பெங்களூரு இன்னும் பக்கம். அஸ்ஸாமிலோ ராஜஸ்தானிலோ இருக்கிற ஒரு பையனுக்கு இந்த வசதி கிடையாது.

இன்னொன்று ஓசூர். டி.வி.எஸ். தொழிற்சாலை இருக்கிற ஊர். டி.வி.எஸ். ரேசிங் அணி 1982 முதல் பந்தயத்தில் இருக்கிறது. பாலைவனத்தில் பல நாள் நடக்கும் டகார் ராலியில், ஷெர்கோ என்ற பைக் நிறுவனத்தோடு சேர்ந்து பைக் அணியை இறக்கியிருக்கிறது. 2024 டகாரில் அந்த அணிக்காக ஓட்டிய கேரளத்தின் ஹரித் நோவா, ராலி-2 என்ற பைக் பிரிவில் முதலிடமும் மொத்தத்தில் 11-வது இடமும் பிடித்தார். கார் அல்ல, பைக்தான். ஆனாலும் உலகத் தரத்தில் ராலி என்றால் என்ன என்று தெரிந்த எஞ்சினியர்களும் மெக்கானிக்குகளும் நம் பக்கத்திலேயே வேலை பார்க்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

முதல் படி: மார்ஷலாகப் போங்கள்

ராலி நடத்தும் கிளப்புகளுக்குத் தன்னார்வலர்கள் எப்போதும் தேவை. ஸ்டேஜின் குறுக்குப் பாதைகளை அடைத்து நிற்க, நேரம் குறிக்க, வாக்கி-டாக்கியில் கார் எண்ணைச் சொல்ல, தீயணைப்பானோடு வளைவில் காத்திருக்க ஆட்கள் வேண்டும். கிளப்புக்கு எழுதிக் கேளுங்கள். பயிற்சி தருவார்கள்.

ஒரே வளைவில் நின்று முப்பது, நாற்பது கார்கள் கடப்பதைப் பார்ப்பது பெரிய பாடம். காய்ந்த செம்மண்ணில் முதல் கார் மேல்மட்ட ஜல்லியையும் தூசியையும் தள்ளிவிட்டுப் போகும். பின்னால் வருகிற கார்களுக்குக் கெட்டியான தடம் கிடைக்கும், அவர்கள் நேரம் குறையும். மழை பெய்திருந்தால் கதை தலைகீழ். முன்னே போனவர்கள் தோண்டிய பள்ளத்தில் பின்னே வருகிறவர்கள் அடிவாங்குவார்கள். வேகமான டிரைவரின் கார் பல நேரம் அமைதியாகத் தெரியும். வண்டியை அலைக்கழித்துப் புழுதி கிளப்புகிறவர் நேரப் பட்டியலில் கீழே இருப்பார். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு வேகம் பற்றிய எண்ணமே மாறிவிடும்.

மார்ஷலாகப் போன இடத்தில், ஸ்டேஜ்களுக்கு நடுவே கார்களைப் பழுது பார்க்கும் சர்வீஸ் பார்க்கையும் எட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு சின்ன அணிக்கு டயர் உருட்ட, ஜாக்கி போட ஆள் தேவைப்படும். ஓசூர் சிப்காட்டிலோ ஊரில் ஒரு பட்டறையிலோ வேலை பார்த்த கை என்றால் உடனே சேர்த்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் உங்களை ஒரு காரில் உட்காரவைக்கப்போகும் அறிமுகங்கள் இங்கேதான் கிடைக்கின்றன.

இரண்டாம் படி: டி.எஸ்.டி. ராலி

டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ். இதில் வேகம் போட்டி இல்லை. கொடுக்கப்பட்ட சராசரி வேகத்தைத் துல்லியமாகப் பிடிப்பதுதான் போட்டி. வீட்டுக் காரே போதும், செலவு பெட்ரோலும் நுழைவுக் கட்டணமும்தான். சராசரி 36 கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தால் நிமிடத்துக்கு 600 மீட்டர். 4.8 கிலோமீட்டர் தள்ளி ஒரு ரகசியச் சாவடி இருந்தால் சரியாக 8 நிமிடத்தில் அங்கே இருக்க வேண்டும். முன்னால் போனாலும் அபராதம், பின்னால் போனாலும் அபராதம். வழி சொல்லும் ரோடு புக்கில் ஊர்ப் பெயர் இருக்காது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு புள்ளியும் அம்புக்குறியுமாகச் சின்னப் படம் இருக்கும், அதற்கு ட்யூலிப் என்று பெயர்.

இதைப் பொதுச் சாலையில் பழகலாம், ஏனென்றால் சட்டத்துக்கு உட்பட்ட வேகம்தான். ஒரு ஞாயிறு காலை பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி வழியாக ராயக்கோட்டைக்கு நண்பரை ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு சந்திப்பையும் நீங்களே ட்யூலிப்பாக வரைந்து, தூரம் எழுதி, அடுத்த வாரம் வேறொருவரிடம் கொடுத்து அதை வைத்தே ஓட்டச் சொல்லுங்கள். அவர் வழி தவறினால் தப்பு உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. கண்ணில் பட்டதை அடுத்தவருக்குப் புரிகிறபடி தாளில் இறக்குவது இப்படித்தான் பழகும். பின்னால் பேஸ் நோட்ஸ், அதாவது ஸ்டேஜின் வளைவுகளைக் குறித்துவைக்கும் குறிப்புகள், எழுத இதே திறமைதான் வேண்டும்.

டிரைவர் ஆக வேண்டியவர் ஏன் நேவிகேட்டராகத் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். காசு ஒரு காரணம். கார் கட்டுவது, டயர், உடைந்தது மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் டிரைவர் தலையில் விழும். நேவிகேட்டருக்கு லைசென்ஸும் பாதுகாப்பு உடையும் இருந்தால் போதும், நம்பகமானவர் என்றால் அணியே கூப்பிடும். அதைவிடப் பெரிய காரணம், அனுபவமுள்ள ஒரு டிரைவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எங்கே காரைப் பாதுகாக்கிறார் என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து உடம்பால் உணரலாம். வேறு எந்தப் பள்ளியிலும் இது கிடைக்காது. இதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர்களும் உண்டு. காசர்கோட்டைச் சேர்ந்த மூசா ஷெரீஃப், கௌரவ் கில் உட்படப் பல முன்னணி டிரைவர்களுக்கு நேவிகேட்டராக இருந்து, இந்திய ராலியில் எல்லோரும் மதிக்கும் பெயரானார்.

மூன்றாம் படி: லைசென்ஸ்

இதில் குழப்பம் எதுவும் இல்லை. ராலி ஓட்ட 18 வயதும் செல்லுபடியாகும் டிரைவிங் லைசென்ஸும் வேண்டும், ஏனென்றால் ஸ்டேஜ்களுக்கு நடுவே பொதுச் சாலையில் போக வேண்டியிருக்கும். அதற்கு மேல் எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் போட்டி லைசென்ஸ். மருத்துவச் சான்று கேட்பார்கள். விண்ணப்பம் இணையத்திலேயே. எந்தப் பிரிவு லைசென்ஸ், அதனுடன் என்ன காப்பீடு, அது எதுவரை செல்லும் என்று கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு விவரத்தை வீட்டில் அப்பா அம்மாவிடமும் காட்டுங்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதற்குத் தாளில் பதில் இருப்பது நல்லது.

நான்காம் படி: மண்ணில் கார் பழகுவது

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொப்பூர் கணவாயிலும் வத்தல்மலை வளைவுகளிலும் பயிற்சி என்று கிளம்பாதீர்கள். தொப்பூரில் எத்தனை குடும்பங்கள் ஆட்களை இழந்திருக்கின்றன என்று நமக்குத் தெரியும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுச் சாலைகளில் எந்த வளைவுக்கு அப்பாலும் யானை நிற்கலாம். மலைச் சாலையில் வேகமாகப் போவதற்கும் ராலிக்கும் சம்பந்தம் இல்லை. பொதுச் சாலையில் பிடிபட்டவரை எந்த நல்ல அணியும் சேர்க்காது. சேர்க்கவும் கூடாது.

பயிற்சிக்கு வேண்டியது அடைத்த ஒரு மைதானம். சொந்த நிலம், உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த தரிசு, இல்லையென்றால் கிளப்புகள் நடத்தும் ஆட்டோகிராஸ். இது மண் தரையில் கூம்பு வைத்துத் தனித்தனியாக ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி. அடுத்தது ராலி ஸ்பிரிண்ட். ஒரு சின்ன ஸ்டேஜை மட்டும் ஓட்டும் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ராலிக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

மண்ணில் முதலில் கற்க வேண்டியது ஸ்டியரிங்கைக் குறைவாகத் திருப்புவது. எடை எங்கே போகிறது என்பதுதான் விஷயம். பிரேக் பிடித்தால் காரின் எடை முன் டயர்களுக்கு வரும், அப்போது அவை திரும்பும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எடை பின்னால் போகும். எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் சுழற்றும் முன்சக்கர டிரைவ் காரில் அப்போது முன் டயர் பிடி இழந்து நேராகவே ஓடும். இதற்குத்தான் இடது கால் பிரேக்கிங். வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்க, இடது காலால் மெதுவாகப் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரங்களை எஞ்சின் இழுத்துக்கொண்டே இருக்கும், பின்சக்கரங்கள் மட்டும் தடுமாறி வால் மெல்லத் திரும்பும். கிளட்ச் மிதித்தே பழகிய இடது காலுக்கு மென்மை கிடையாது, முதலில் வண்டி முகம் குப்புற நிற்கும். காலி மைதானத்தில் மிகக் குறைந்த வேகத்தில், வட்டமாக ஓட்டி, தினமும் கொஞ்ச நேரம் பழகினால் வந்துவிடும். ஹேண்ட்பிரேக் திருப்பம் இதற்கு அப்புறம்தான். பார்க்க அழகாக இருக்கும், கொண்டை ஊசி வளைவைத் தவிர வேறு எங்கும் பெரிதாக உதவாது.

ஐந்தாம் படி: பேஸ் நோட்ஸ்

ராலியின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன். போட்டிக்கு முன் ரெக்கி என்று ஒரு சுற்று உண்டு. சாதாரணக் காரில், வேக வரம்போடு, ஒவ்வொரு ஸ்டேஜையும் பெரும்பாலும் இரண்டு முறை போய்ப் பார்க்க விடுவார்கள். முதல் முறை டிரைவர் சொல்லச் சொல்ல நேவிகேட்டர் எழுதுவார். இரண்டாம் முறை நேவிகேட்டர் படிப்பார், டிரைவர் திருத்துவார்.

வளைவுகளுக்கு எண் தருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு 1 என்றால் மிக இறுக்கமான வளைவு, 6 என்றால் ஏறக்குறைய நேர். சிலர் தலைகீழாக வைப்பார்கள். எப்படியானாலும் பரவாயில்லை, வருடக்கணக்கில் மாற்றக் கூடாது. ஒரு வரி இப்படி இருக்கும்: "ரைட் த்ரீ லாங் டைட்டன்ஸ், டோன்ட் கட், ஃபிஃப்டி, லெஃப்ட் ஃபைவ் ஓவர் கிரெஸ்ட்." வலது பக்கம் மூன்றாம் தர வளைவு, நீளமானது, போகப் போக இறுகும். உள்ளோரத்தை வெட்டிப் போகாதே, அங்கே கல் இருக்கிறது. 50 மீட்டர் நேர். பிறகு ஒரு மேட்டின் மேல் இடது ஐந்து. அந்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. "லெஃப்ட் ஃபைவ்" என்ற சொல்லை நம்பித்தான் அவர் காலை எடுக்காமல் போகிறார். ரெக்கியில் சும்மா ஐந்து என்று எழுதியது உண்மையில் மூன்றாக இருந்தால் கார் காட்டுக்குள் போகும்.

அதனால் நோட்ஸில் இருக்க வேண்டியது பார்த்தது மட்டும். வீரம் அங்கே வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு எண் குறைத்து எழுதுங்கள். படிப்பவருக்கும் தாளம் வேண்டும். சீக்கிரம் சொன்னால் டிரைவர் மறப்பார், தாமதமாகச் சொன்னால் பயனில்லை. வளைவுக்கு ஒன்று, ஒன்றரை அழைப்பு முன்னே இருப்பது பலருக்கும் ஒத்துவரும். இதைப் பழக மெதுவாகப் போனாலே போதும். நாகமரை, பென்னாகரம் பக்கம் குடும்பத்தோடு போகும்போதுகூட பின்சீட்டில் உட்கார்ந்து மனதுக்குள் வளைவுகளுக்கு எண் போட்டுப் பாருங்கள். போகும்போது நான்கு என்று சொன்னதை வரும்போதும் நான்கு என்றே சொல்கிறீர்களா என்று சோதியுங்கள். அந்த ஒரே சீர் வர மாதக்கணக்கு ஆகும்.

ஆறாம் படி: இப்போது கார்

புதிதாகக் கட்டாதீர்கள். விலகிப்போகும் ஒருவரிடமிருந்து ஓடிய ராலி காரை வாங்குவது பல மடங்கு லாபம். எஸ்டீம், ஜிப்ஸி, சீடியா, போலோ என்று இந்திய ராலியில் தலைமுறை தலைமுறையாக ஓடிய கார்களுக்கு உதிரி பாகமும் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்கள். முதல் காரில் குதிரைத்திறன் பார்க்க வேண்டாம். குறைந்த எஞ்சின் பிரிவில் உடையாமல் முடிப்பவரைத்தான் அணிகள் கவனிக்கின்றன.

வாங்கும்போது எஞ்சினைவிட முதலில் ரோல் கேஜைப் பாருங்கள், கார் புரண்டால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் இரும்புக் கூண்டு அது. வெல்டிங் விட்டிருக்கிறதா, ஒரு முறை புரண்ட காரா, எஃப்.எம்.எஸ்.சி.ஐ. விதிக்குப் பொருந்துகிறதா? பக்கெட் சீட்டிலும் சீட் பெல்ட்டிலும் ஒட்டியுள்ள லேபிளில் காலாவதி ஆண்டு இருக்கும். முடிந்துபோனதைப் புதிதாக வாங்கும் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி, தீப்பிடிக்காத உடை, இவற்றில் செகண்ட் ஹேண்ட் என்ற பேச்சே வேண்டாம். அடியில் எஞ்சினைக் கல்லடியிலிருந்து காக்கும் தகடு, சம்ப் கார்டு, கெட்டியாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கல்லு பூமியில் ஓடியவர்களுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை.

ஏழாம் படி: முதல் ராலி

இலக்கு ஒன்றே: கடைசி கன்ட்ரோல், அதாவது நேரம் குறிக்கும் சாவடி, வரை கார் வந்து சேர வேண்டும். முதல் நாள் ஸ்க்ருட்டினியில் காரையும் உடையையும் சோதிப்பார்கள், விதிப்படி இல்லாத எதுவும் உள்ளே போகாது. பிறகு கையில் டைம் கார்டு, ஒவ்வொரு சாவடியிலும் நேரம் எழுதி வாங்கும் அட்டை. புதியவர்கள் நேரத்தை இழப்பது ஸ்டேஜைவிட இந்தச் சாவடிகளில்தான். சர்வதேச விதிப்படி ஒரு நிமிடம் தாமதமானால் 10 வினாடி அபராதம், ஒரு நிமிடம் முன்னால் நுழைந்தால் முழு ஒரு நிமிடம் அபராதம். 10.32-க்கு நுழைய வேண்டிய இடத்தில் 10.30-க்கு அட்டையைக் கொடுத்தால் இரண்டு நிமிடம் போயிற்று. ஸ்டேஜில் உயிரைக் கொடுத்துச் சேர்த்த வினாடிகள் எல்லாம் ஒரு கையெழுத்தில் காணாமல் போகும். டி.எஸ்.டி.யில் பழகியவருக்கு இந்தத் தவறு நடப்பதில்லை.

ஸ்டேஜ் நடுவில் பஞ்சர் ஆனால் மாற்றுவதா, அப்படியே ஓட்டுவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். முடிவு ஸ்டேஜில் மிச்சம் இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. டயர் மாற்றுவதை இருவரும் ஹெல்மெட்டோடு, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழகுங்கள். பெல்ட் கழற்றி இறங்குவதிலிருந்து மறுபடி மாட்டும்வரை யார் ஜாக்கி, யார் நட் என்பது வாய் பேசாமல் நடக்க வேண்டும்.

எட்டாம் படி: பணம்

இது பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சில் பெரும்பகுதி உண்மைதான். தேசிய சாம்பியன்ஷிப்பின் எல்லாச் சுற்றுகளும் ஓட லட்சங்கள் வேண்டும், அருணாச்சலப் பிரதேசம்வரை கார் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் முதல் வருடங்களில் முழு சாம்பியன்ஷிப் வேண்டாம். பக்கத்துச் சுற்றுகளை மட்டும் ஓடி, வேலையை விடாமல் இருங்கள். வீட்டு நிலத்தின் மேல் கடன் வாங்கி ராலி ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஸ்பான்சர் பெரிய கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள், கிரானைட் ஏற்றுமதியாளர்கள், ஓசூரில் உதிரி பாகம் செய்யும் பட்டறைகள், தர்மபுரி கார் ஷோரூம்கள், டயர் கடைகள் எல்லாம் உள்ளூரிலேயே இருக்கின்றன. அவர்களிடம் போய், "எனக்கு உதவுங்கள்" என்று கேட்பதைவிட, "உங்கள் கடை வாசலில் இரண்டு நாள் ராலி கார் நிற்கும், உங்கள் பெயர் போட்ட கார் ஓடும் வீடியோ ஒவ்வொரு ராலிக்குப் பிறகும் வரும்" என்று சொல்லிப் பாருங்கள். பணமாகத் தர முடியாதவர் டயராகவோ, டீசலாகவோ, காரை ஏற்றிப்போகும் லாரியாகவோ தரலாம். அதுவும் ஸ்பான்சர்ஷிப்தான். ராலி முடிந்த வாரத்திலேயே முடிவு, படம், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி அவர்கள் கையில் நேரில் கொடுங்கள். தோற்ற ராலிக்கும் கொடுங்கள். அடுத்த வருடம் அவர் மறுபடி தருவாரா என்பதை அந்தப் பக்கம் தீர்மானிக்கும்.

ஒன்பதாம் படி: நாட்டுக்கு வெளியே

தேசிய அளவில் பிரிவுப் பட்டம் ஒன்றிரண்டு வந்த பிறகுதான் இந்தப் பேச்சு. டெல்லியைச் சேர்ந்த கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன்ஷிப்பை வென்றார், எம்.ஆர்.எஃப். அணியின் ஸ்கோடா ஃபேபியாவில். 2019-ல் அர்ஜுனா விருது பெற்றார். அதே 2019-ல் பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸே பைக்கில், கரடுமுரடான நிலத்தில் ஓடும் பாஹா பந்தயங்களின் உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றார். நம் பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழிகாட்டியில் ஒரு வரிகூட மாறாது.

உலக ராலி சாம்பியன்ஷிப்புக்கு ஏணி தெளிவாக இருக்கிறது. கார் பிரிவுகளில் ராலி-5, ராலி-4 இரண்டு சக்கரங்களை மட்டும் எஞ்சின் சுழற்றும் கார்கள். ராலி-3 நான்கு சக்கர டிரைவின் தொடக்கம், ஜூனியர் உலகப் போட்டியில் 2022 முதல் ஃபோர்டு ஃபியஸ்டா ராலி-3 ஓடுகிறது. மேலே ராலி-2, உச்சியில் ராலி-1. ஒரு படி தாண்டிக் குதிக்க ஆசை வரும், வேண்டாம். நான்கு சக்கர டிரைவ் காரில் பிரேக் புள்ளியும் திருப்பும் முறையும் வேறு, அதைக் கற்கும் செலவு யூரோவில் வரும்.

ஓட்டும் இடம் கிடைக்காவிட்டாலும் இந்த உலகத்தில் வேலை உண்டு. 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டத்தை எஃப்ரென் லாரெனா வென்றது சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். டயரில். டயர் எஞ்சினியர், டேட்டா பார்ப்பவர், மெக்கானிக், நேவிகேட்டர் என்று இத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன.

வெளிநாட்டில் முதல் முறை ஓட்டும்போது யாரும் கார் கொண்டுபோவதில்லை, அங்கேயே ஒரு அணியிடம் வாடகைக்கு எடுப்பார்கள். கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாடகையில் எத்தனை டயர் சேரும்? ரெக்கி கார் யாருடையது? போட்டிக்கு முன் எத்தனை கிலோமீட்டர் சோதனை ஓட்டம் தருவார்கள்? கார் சேதமானால் எவ்வளவு தொகைவரை உங்கள் பொறுப்பு, அதற்குமேல் யார் தருவது? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராத அணியோடு ஒப்பந்தம் போடாதீர்கள்.